ஊசிக்காதில் ஒரு கடல்

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட கவிதைகளிலேயே மிக அதிகமாகப் பாராட்டப்பட்டதும், ஒரே ஒரு மனிதப் பிறவிகூட முழுதாக வாசிக்காததும் கண்ணாடிக்காரர் எழுதிய ‘ஊசிக்காது’தான். அதற்கு விருது கிடைத்தது. அதைப் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. கருத்தரங்கைக் கண்டித்து இன்னொரு கருத்தரங்கு நடந்தது. அது வேற்று மொழி ஒன்றுக்குப் போய், அங்கே ஒரு பேராசிரியர் அதற்காகக் கண்ணீர் விட்டதாகப் படத்தோடு செய்தி வந்தது. தேர்ந்தெடுத்தவர் வாசிக்கவில்லை, வெளியிட்டவர் வாசிக்கவில்லை, விருது கொடுத்தவர் வாசிக்கவில்லை, மொழிபெயர்த்தவர் வாசிக்கவில்லை, அழுதவர் வாசிக்கவே இல்லை. கதை அளப்பதாக நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

இதை நம்ப மறுத்த ஒரே ஆள் கண்ணாடிக்காரரின் அக்கா.

“போடா. இவ்வளவு பெரிய உலகத்துல ஒருத்தர்கூடவா படிச்சிருக்க மாட்டாங்க? மனுஷங்க அவ்வளவு மோசமில்ல.”

கண்ணாடிக்காரருக்கு வயிற்றுப்பாடு மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் பின்னறையில் பார்வை சோதிக்கும் வேலை. சுவரில் எழுத்துப் பலகை. உச்சியில் யானை மாதிரி ஓர் எழுத்து, கீழே போகப் போக எறும்பு. வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். கடைசி வரி தெரியாவிட்டால் முகம் வாடிவிடும். சிலர் மன்னிப்பே கேட்பார்கள். “அந்தக் கடைசி வரி மட்டும் பிடிபடலீங்க, தப்பா நினைச்சுக்காதீங்க.” தலையும் வாலும் இல்லாத எழுத்துகளைக் கடைசி வரை வாசித்துவிடத் துடிக்கும் ஜனங்களைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து அவர் தன் கவிதையை இணைய இதழுக்கு அனுப்புவார்.

ஒரு தரம் ஆசை தாங்காமல் பலகையின் அடியில் தன் வரி ஒன்றை ஒட்டிப் பார்த்தார். வந்த பெரியவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வாசித்தார். “எழுத்து நல்லாத் தெரியுது. ஆனா உள்ள ஒண்ணும் தெரியலையே” என்று பயந்துபோய் முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி அவருக்குக் கடையிலேயே தடிமனான கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டு, பின்னறைக்கு வந்து, “கவிதையெல்லாம் வீட்டோட வெச்சுக்கய்யா, இங்க வர்றவங்க ஏற்கெனவே பார்வை போனவங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கவிதைகள் வந்துகொண்டிருந்த இதழின் பெயர் ‘பின்னிருட்டு’. மாத இதழ். எந்த மாதம் என்பது ஆசிரியர் குழுவின் மனநிலையைப் பொறுத்தது. இதழில் வேலை செய்பவர்களை வரிசையாகச் சொன்னால் மூச்சு வாங்கும். நிறுவன ஆசிரியர், கௌரவ ஆசிரியர், சோதனைப் பிரிவு ஆசிரியர், சோதனைப் பிரிவைச் சோதிக்கும் ஆசிரியர், விலகிப்போன ஆசிரியர், விலகியது செல்லாது என்று திரும்பி வந்த ஆசிரியர். ஆசிரியர் அல்லாத ஒருவர் இருந்தார். அவரை ஆலோசகர் என்று போட்டிருந்தார்கள். நிறுவன ஆசிரியரை எல்லோரும் ‘தாடி’ என்றுதான் சொல்வார்கள். தாடி படத்தில் மட்டும் இருந்தது. நேரில் அவர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு குளியலறை ஓடு விற்பவர்.

பின்னிருட்டில் கவிதை வருவதற்குச் சில விதிகள் உண்டு. கவிஞர் தன்னைப் பற்றித் தானே, வேறு யாரோ எழுதியதுபோல, வியந்து ஒரு குறிப்பு எழுத வேண்டும். அது கவிதையைவிட நீளமாக இருப்பது நல்லது. படம் கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும். கேமராவைப் பார்க்கக் கூடாது. கேமராவைப் பார்ப்பவன் வெகுஜன எழுத்தாளன். கண்ணாடிக்காரர் தன் படத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வெறித்ததில், எதிர்வீட்டு அம்மாள் தன்னைத்தான் முறைக்கிறார் என்று தப்பாக எடுத்துக்கொண்டு ஜன்னலைப் படாரென்று சாத்தினார். அந்தச் சாத்திய ஜன்னலோடு வந்த படம் ‘புறக்கணிப்பின் நிலக்காட்சி’ என்று புகழப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஈடுபாட்டு விதி. ஒருவருடைய கவிதை வர வேண்டுமானால், முந்தின இதழில் வந்த ஐந்து கவிதைகளின் கீழ் அவர் பின்னூட்டம் போட்டிருக்க வேண்டும். போட்டால் போதும். வாசித்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே கவிதைகளின் கீழே, “உறைந்து போனேன் தோழர்”, “இருண்மையின் உச்சம்”, “மொழி இங்கே தன் எலும்பைக் காட்டுகிறது” என்று மளமளவென்று வந்து விழும். எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் கவிதை வெளிவரக் காத்திருப்பவர்கள். கண்ணாடிக்காரரும் அப்படி ஐந்து ஐந்தாகப் பலமுறை உறைந்திருக்கிறார்.

அவருக்குச் சந்தேகம் தட்டியது ஒரு குளறுபடியில். ஒரே இதழில் அவருடைய ஒரே கவிதையைத் தாடி இரண்டு தடவை ஏற்றிவிட்டார். இரண்டாவதில் வேறொரு புதுக் கவிஞரின் பெயரும் படமும். கண்ணாடிக்காரரின் பெயரில் வந்ததற்கு “முதிர்ச்சி” என்று பாராட்டு. புதியவர் பெயரில் வந்ததற்கு “இளமையின் துடிப்பு” என்று பாராட்டு. ஒருவர் இரண்டின் கீழேயும் எழுதியிருந்தார்: “இந்த இருவரும் ஒருவரையொருவர் வாசிக்க வேண்டும்.”

அதன் பிறகுதான் அவர் ‘ஊசிக்காது’ எழுதினார். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால். முன்பாதியில் ஊசியும் நூலும் பேசிக்கொள்கின்றன. சொற்கள் திரையில் ஒற்றை நூலாக, ஒரு வரிக்கு ஒரு சொல்லாக இறங்குகின்றன. நடுவில், எந்தச் சோதனை முயற்சியும் இல்லாமல், பச்சைத் தமிழில் இப்படி வருகிறது: ‘இதுவரை வந்தவரே, நீங்கள் யாராக இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். நான் இருக்கிறேன்.’ அதன் கீழே அவருடைய கைபேசி எண். அதன் கீழே ஒரு முழுத் திரை நீளத்துக்கு வெறும் வெள்ளை. மௌனத்தைக் காட்டுவதற்காக விட்டது. இந்த வெள்ளையைப் பற்றி அவருக்கு மிகப் பெருமை. வெள்ளையைத் தாண்டினால் பின்பாதி.

பின்பாதி அக்காவைப் பற்றியது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்கா படிப்பை மடித்து வைத்துவிட்டு, துணிக்கடைகளுக்கு உடை திருத்திக் கொடுக்க உட்கார்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை. முன்னறையில் தையல் மெஷின், மூலையில் அடுத்தவர்களின் கால்சட்டைகள். இப்போது அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை; தம்பி எத்தனை கண்ணாடி மாற்றிக் கொடுத்தாலும் சரி, காலையில் தம்பிதான் ஊசிகளில் நூல் கோத்துவிட்டு வேலைக்குப் போவார். கல்யாணம் என்று ஒன்று இருவருக்கும் நடக்கவில்லை. அக்காவுக்கு நேரமில்லை, தம்பிக்குக் கவிதை இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்காவிடம் அவர் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால், “துணி வாங்கிட்டு வந்தியா?” என்று வேறு ஏதோ வந்துவிடும். சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் பின்பாதியில் சொல்லியிருந்தார். முதல் முறையாக, புரியும்படி.

இதழ் வந்தது. கவிதையின் தலைமாட்டில் ஒரு படம். கரையில் ஒரு படகு, பின்னால் கடல். ஊசிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பின்னிருட்டில் படங்கள் அப்படித்தான் வரும். தாடிக்கு யாரோ சும்மா அனுப்பிவைத்த படங்கள் ஏராளமாகக் கைவசம் இருந்தன.

கீழே பின்னூட்டங்கள் கொட்டின. “கடலை இப்படி எவரும் எழுதியதில்லை.” “உப்புக் காற்றில் உறைந்து போனேன் தோழர்.” “படகு இங்கே படகு மட்டும் அல்ல.”

அன்று சாப்பிடும்போது அவர் அக்காவிடம், “உலகத்துல ஒருத்தர்கூட என் கவிதையைப் படிக்கலக்கா” என்றார். போடா என்று அக்கா சொன்னது அப்போதுதான்.

“ஏன், நானே படிச்சேனே” என்றார் அக்கா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

“என்ன இருந்துச்சு அதுல?”

“அதான்... படகு. அழகா இருந்துச்சு. நல்ல நீலம்.”

தம்பி சிரிக்கவில்லை. “யாராவது படிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். எப்படின்னு கேக்காதே. அடுத்த இதழ் வர்ற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒருத்தராவது படிச்சதாத் தெரியலேன்னா எழுதறதையே விட்டுடறேன்.”

அக்காவின் கை சோற்றில் நின்றது. கவிதை என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனால் தம்பிக்கு அது தவிர வேறு ஒன்றும் இல்லை என்று தெரியும். “விட்டுட்டு? சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காரப்போறியா? எவனாவது படிச்சிருப்பான்டா. இரு.”

அதிலிருந்து கைபேசி கண்ணாடிக்காரரின் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் குழாயடிச் சுவரில் இருக்கும். ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“நீங்கதானே கண்ணாடி...?” என்றது ஒரு பெண்குரல்.

“ஆமாங்க! ஆமா! படிச்சீங்களா?”

“எங்கங்க படிக்கிறது? கொடுத்து ஒரு வாரமாச்சு. கண்ணாடி இல்லாம பேப்பர்கூடப் படிக்க முடியல. ரெடியா இல்லையா?”

இதற்கிடையில் பின்னிருட்டு தன் ஆண்டு விருதை அறிவித்தது. விருதின் பெயர் ‘இருள் முகடு’. ஊசிக்காதுக்கு. விழா இணையவழிக் கூட்டமாக நடந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், பெட்டிக்கு ஓர் ஆசிரியர். வாசகர் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தது தாடியின் மைத்துனர், இணைப்பு அறுந்தால் மறுபடி சேர்த்துவிடுவதற்காக. கண்ணாடிக்காரர் முன்னறையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். தம்பிக்கு விருது என்பதால் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, கேமராவில் விழாமல் பக்கத்தில் நின்றுகொண்டார்.

தாடி தலைமையுரை ஆற்றினார்.

“தோழர்களே, பின்னிருட்டு தொடங்கினபோது நமக்கு ஒரு கூட்டமே வாசகர்கள் இருந்தாங்க. வெக்கமா இருந்துச்சு. தெருவுல பார்த்துக் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உங்க கதை நல்லா இருந்துச்சு’ம்பாங்க. அந்த அவமானத்தையெல்லாம் தாங்கிக்கிட்டோம். விடாம உழைச்சோம். படிப்படியாக் குறைச்சோம். இன்னைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன், வெளியாள் ஒருத்தர்கூட நம்ம பக்கம் வர்றதில்லை. இனிமே இலக்கியத்தை நாம நிம்மதியா நடத்தலாம்.”

பெட்டிகளில் கைதட்டும் சின்னச் சின்னக் கைகள் முளைத்தன.

அடுத்து நடுவர். பெரிய கண்ணாடி, பின்னால் பெரிய புத்தக அலமாரி. அலமாரி மெல்லக் காற்றில் ஆடியது, துணியில் அச்சடித்தது என்பதால்.

“நடுநிலைதான் ஒரு நடுவருக்கு உயிர்” என்று அவர் ஆரம்பித்தார். “கவிதையை வாசிச்சா அது நமக்குப் பிடிச்சுப்போகலாம். பிடிச்சுப்போனா தீர்ப்பு சாய்ஞ்சிடும். பிடிக்காமப் போனாலும் சாய்ஞ்சிடும். அதனால இத்தனை வருஷ நடுவர் வாழ்க்கையில நான் எந்தக் கவிதையையும் வாசிச்சு என் கையைக் கறையாக்கிக்கிட்டதில்லை. இந்தக் கவிதையையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். இதுல வர்ற கடல், நம்ம காலத்தின் கடல்.”

அக்கா குனிந்து தம்பியின் காதில், “இந்தாளு படிக்கலேங்கிறாரே?” என்றார்.

“அதைத்தான் சொல்றேன்.”

“சும்மா தமாஷுக்குச் சொல்வாருடா. பெரிய மனுஷங்க அடக்கமாத்தான் பேசுவாங்க.”

ஏற்புரை. கண்ணாடிக்காரர் எழுதிவைத்திருந்த உரையைத் தள்ளிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்தார். கூட்டமே ஒரு கணம் கூசியது. “எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. இங்க இருக்கறவங்க யாராவது அந்தக் கவிதையைப் படிச்சீங்களா? பாதி வரைக்கும் படிச்சிருந்தாக்கூடப் போதும். யாராவது?”

தாடி மெதுவாகத் தலையை ஆட்டினார். “ஆகா” என்றார். “ஆகா. என்ன ஒரு கவிதை.”

சின்னக் கைகள் திரை நிறைய முளைத்தன. சோதனைப் பிரிவு ஆசிரியர் கண்ணைத் துடைத்தார். “அந்தக் கடைசி ‘யாராவது’ இருக்கே” என்று சோதனைப் பிரிவைச் சோதிக்கும் ஆசிரியர் ஆரம்பித்து மூக்கை உறிஞ்சினார். அந்தக் கேள்வி அப்படியே ‘யாராவது?’ என்ற தலைப்பில், அடுத்த இதழுக்குக் காத்திராமல், இணையத்தில் ஒரு சிறப்புப் பக்கத்தில் கவிதையாக வெளியானது. மேலே ஒரு படம். இந்தத் தடவை கலங்கரை விளக்கம்.

மறுநாள் அவர் தாடியைக் கூப்பிட்டார். “தோழர், அந்தக் கவிதையில கடலே இல்லை. ஊசி பத்தினது. தலைப்பே ஊசிக்காதுதானே?”

“தோழர், தோழர்” என்றார் தாடி பரிவோடு. பின்னால் யாரோ ஓடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். “கவிதை வெளிவந்தாச்சு. இனிமே அது உங்களோடது இல்ல. அதைப் பத்திப் பேச எல்லாருக்கும் உரிமை இருக்கு, எழுதினவரைத் தவிர. நீங்க பேசினா அதுக்குப் பேரு தலையீடு.”

“ஒரு தடவை படிச்சுப் பாருங்க தோழர். நடுவுல ஒரு வரி இருக்கு.”

“படிச்சா இன்னொரு கவிஞருக்கு நான் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும். அவரோடதையும் படிக்கணும்ல? ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்? சரி, வெள்ளையா, சந்தனமா?”

“எதுங்க?”

“உங்களை இல்ல தோழர், இங்க ஒருத்தர்கிட்ட ஓடு.”

பின்னிருட்டிலிருந்து உடைந்து போனவர்கள் நடத்திய ‘அசல் பின்னிருட்டு’ சும்மா இருக்குமா? உடனே கண்டனக் கருத்தரங்கு கூட்டியது. ‘கடலைப் பாடிய கண்ணாடிக்காரர், கரையில் கிடக்கும் அந்தப் படகுக்காரனின் கண்ணீரை மறைத்தது ஏன்?’ என்பது தலைப்பு. கண்ணாடிக்காரர் பணிவாக ஒரு மறுப்பு எழுதினார்: என் கவிதையில் கடல் இல்லை, படகும் இல்லை. அடுத்த நாள் அசல் பின்னிருட்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘கடலே இல்லை என்கிறார்! படகுக்காரர்களின் இருப்பையே மறுக்கும் விருதுக் கவிஞர்!’ இரண்டு இதழ்களும் மாதக்கணக்கில் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையைப் பார்த்து வெளிநாட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் சுறுசுறுப்பானார். மூலத்தைத் தேடுவது அலுப்பு என்பதால் விருதுப் பாராட்டுரையையே பெயர்த்துக் கவிதை என்று வெளியிட்டார். நடுநிலை பற்றிய பத்தியில்தான் அந்தப் பேராசிரியர் கண்ணீர் விட்டாராம்.

சட்டைப்பையில் கைபேசி செத்த எலிபோலக் கிடந்தது.

“யாராவது படிச்சதாத் தெரிஞ்சுதா?” என்று கேட்பது அக்காவுக்கு வழக்கமாகிவிட்டது.

“இல்லக்கா.”

“அந்த வெளிநாட்டுக்காரர்?”

“அவரும் இல்ல.”

“அழுதாரேடா!”

“அழுதார்.”

அக்கா கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினார். பிறகு நிறுத்தி, சாதாரணமாக ஒன்று கேட்டார். “சரி, நீ மத்தவங்களோடதைப் படிக்கிறியா?”

கண்ணாடிக்காரர் எழுந்து தன் அறைக்குப் போய், தான் உறைந்துபோன கவிதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் தடவையாக வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று நன்றாக இருந்தது. ஒன்று சகிக்கவில்லை. மூன்றாவது ஒரு கணக்கு டீச்சர் எழுதியது; அதன் கீழே அவர், ‘மொழி இங்கே தன் எலும்பைக் காட்டுகிறது’ என்று எழுதியிருந்தார். கவிதையின் நட்டநடுவில், நிழலுக்கும் நினைவுக்கும் நடுவே, இப்படி ஒரு வரி: ‘எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நல்ல பிளம்பர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். விளையாட்டில்லை.’ தேதியைப் பார்த்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கீழே நிறையப் பேர் உறைந்திருந்தார்கள்.

அவர் அக்கவிதையின் கீழேயே, இத்தனை காலம் கழித்து, மனசார ஒரு வரி எழுதினார். “டீச்சர், உங்க குழாய் சரியாயிடுச்சா? எனக்குத் தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் இருக்கார்.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “ஆழமான வாசிப்பு. நெகிழ்ந்தேன். நன்றி தோழர்.”

அன்றைக்கு அவர் ராஜினாமாக் கடிதம் ஒன்றைப் பின்னிருட்டுக்கு அனுப்பினார். கவிதை எழுதுவதை நிறுத்திவிட்டேன், இனி என்னிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று இரண்டே வரி. ‘குறுங்கவிதை ஏற்கப்பட்டது, ஈடுபாட்டு விதிப்படி ஐந்து பின்னூட்டம் பாக்கி’ என்று பதில் வந்தது.

பின்னிருட்டின் அடுத்த இதழும் ஒருவழியாக வந்தது. கெடு முடிந்தது. காலையில் ஊசிகளில் நூல் கோக்கும்போது அக்காவிடம் சொன்னார். “நிறுத்திட்டேன்க்கா.”

“எதை?”

“எழுதறதை. சொன்னா சொன்னதுதான். ஒருத்தர்கூடப் படிக்கல.”

அக்கா அவர் கோத்துக் கொடுத்த ஊசியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெஷின் ஓரத்தில் குத்தி வைத்தார். “சாப்பாட்டு டப்பாவை மறக்காம எடுத்துக்க” என்றார்.

கடையில் அன்று கூட்டம். மதியம் தாண்டி, வங்கி அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையோடு போராடிக்கொண்டிருந்தார். கடைசி வரிக்கு முந்தின வரியில் இருந்தார். சட்டைப்பையில் கைபேசி அடித்தது. அக்கா. வேலை நேரத்தில் அக்கா கூப்பிட மாட்டார்.

“என்னக்கா? உடம்புக்கு ஏதாவதா?”

“ஒண்ணுமில்லடா. நம்பரை அடிச்சேன், உன் பேரு வருது.”

“எந்த நம்பரை?”

“அதான், உன் கவிதையில இருக்கற நம்பரை.”

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். வங்கி அதிகாரி, “கீழ இருக்கறது ‘ஞ’வா, ‘ஞ’ மாதிரிதான் இருக்கு” என்றார்.

“படிச்சியாக்கா?”

“படிச்சேன்டா. நீ போனதும் மெஷினை மூடி வெச்சுட்டு உக்காந்தேன். எழுத்து சின்னதா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, ஊசியில நூல் கோக்கற மாதிரியே இருந்துச்சு. பாதி புரியல. ஆனா விடல. ஒவ்வொண்ணா, விரலை வெச்சுப் படிச்சேன். கடல் எங்கேயுமே இல்லையேடா அதுல!”

“இல்லக்கா.”

“நடுவுல பார்த்தா நம்பரைப் போட்டு, கூப்பிடுங்கன்னு எழுதியிருக்கே. மனசு என்னமோ பண்ணிடுச்சு. உடனே கூப்பிட்டேன். யாராவது படிச்சாத் தெரிஞ்சிடும்னியே, இதானா அது?”

“இதான்.”

“இத்தனை மாசமா ஒருத்தர்கூடவா கூப்பிடல? அந்த விருது குடுத்தவங்க? திட்டினவங்க?”

“யாருமே இல்லக்கா.”

அந்தப் பக்கம் அக்கா பெருமூச்சு விடுவது கேட்டது. மெஷின் ஓடவில்லை, வீடு அமைதியாக இருந்தது. தம்பிக்குக் கேட்கவா வேண்டாமா என்று இருந்தது. கேட்டார்.

“அதுக்கு அப்புறம் இருக்கறது... அதையும் படிச்சியாக்கா?”

“எதுக்கு அப்புறம்?”

“நம்பருக்கு அப்புறம்.”

“அப்புறம் ஏதுடா? நம்பரோட முடிஞ்சு போச்சே. கீழ வெறும் வெள்ளையாத்தான் இருக்கு. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், ஒண்ணுமே இல்ல, மூடி வெச்சுட்டேன். ஏன், இன்னும் இருக்கா?”

கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையைப் பார்த்தார். வங்கி அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிக்குள் குனிந்திருந்தார்.

“சொல்லுடா. இன்னும் இருக்கா?”

“இல்லக்கா. அவ்வளவுதான்.”

“ம்” என்றார் அக்கா. குரல் இறங்கிப்போய், “மனுஷங்க அவ்வளவு மோசமில்லன்னு நான்தான் உன்கிட்ட வாயடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ சொன்னது சரிதான் தம்பி. ஒத்துக்கறேன். ஒருத்தரும் படிக்கல” என்றார்.